மூன்றாவது பாட்டின் மேளம்

கிருஷ்ணகுமாருக்கு வலது காது போனது ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கழக்கூட்டத்தில் அலுவலக லிஃப்டில் ஏறி ஐந்தாம் மாடியில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காதுக்குள் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி ஒரு சின்ன ஓசை, அதன் பிறகு மெல்லிய இரைச்சல். மழையில் நனைந்து வந்திருந்ததால் தண்ணீர் ஏறியிருக்கும் என்று நினைத்தான். தலையைச் சாய்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இருக்கையில் போய் உட்கார்ந்தான். அந்த வாரம் ஒரு பெரிய மென்பொருளை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவனுக்குக் கீழே ஒன்பது பேர் அதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் போனது ஒன்பதாம் நாள்.

மூன்று நாளுக்குள் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். காதுக்குள்ளேயே நாலு ஊசி போட்டார். ஒன்றும் திரும்பவில்லை. நரம்பு விஷயம், இனி இதோடு பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் கடைசியாகச் சொன்ன அன்று, கிருஷ்ணகுமார் ‘சரி’ என்று ஃபைலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து ஒரு சாயா குடித்தான். அழுகை வரும் என்று நினைத்திருந்தான். கோபமாவது வரும் என்று நினைத்திருந்தான். சாயாவில் சீனி கூடிப்போயிற்று என்பது மட்டும்தான் மனசில் பட்டது.

மனைவி ஸ்வப்னாவிடம் காதில் அடைப்பு என்று சொல்லிவைத்தான். அவள் வங்கியில் வேலை பார்க்கிறவள். காலையில் அவனுக்கு முன்பே கிளம்பிவிடுவாள். சரியாகிவிட்டதா என்று இரண்டு தடவை கேட்டாள். ஆயிற்று என்றான். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.

காது போனது வேறு யாருக்கு என்றாலும் ஒரு நோய். கிருஷ்ணகுமாருக்கு அப்படி இல்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கரமனையில் பாத்திரக்கடை போட்ட குடும்பத்தில், பாட்டுக்காகப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அதுவும் கல்யாண வீட்டில் போடுகிற பாட்டு இல்லை. யாரும் கேள்விப்படாத நாட்டுக் கிராமத்து ஜனங்கள் பாடிய பாட்டு, சின்னச் சின்னக் குழுக்கள் கேரேஜில் உட்கார்ந்து பதிவுசெய்த கிதார் பாட்டு, அப்புறம் ஆம்பியன்ட் என்கிறார்களே, பாடுவதற்கு ஆளே இல்லாமல் ஒரு பியானோவும் மழையும் யாரோ நடக்கிற ஓசையுமாக ஒரு மணி நேரம் மெல்ல மாறிக்கொண்டே போகிற சங்கதி, அதுவும். நாற்பத்துநாலு வயதில் இப்படிக் கேட்டு முடித்த ஆல்பங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும்.

இதே கிறுக்குள்ள ஐந்து பேர் சேர்ந்து ஒன்பது வருஷமாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். பெயர் ‘முழுசாக் கேள்’. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் தனக்குப் பிடித்த ஒரு ஆல்பத்தைப் போடுவார். மற்ற நாலு பேரும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை தாண்டாமல் கேட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தோன்றியதை எழுத வேண்டும். வெளியே யாராவது எழுதியதைப் பார்த்து எழுதக்கூடாது. இவ்வளவுதான் சட்டம். கிருஷ்ணகுமாரோடு கல்லூரியில் படித்து இப்போது பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் அபிலாஷ், பிசியோதெரபிஸ்ட் ஷிஜி, தோஹாவுக்குப் போய்விட்ட சபீனா, பிறகு யோசுவா.

யோசுவா மற்றவர்களுக்குப் பிந்தி வந்தவன். எல்லைப்பக்கம் ஊரம்புக்காரன். விழிஞ்ஞம் துறைமுகத்தில், பெரிய கப்பல்களைத் தள்ளிக் கரைசேர்க்கும் இழுவைப் படகில் வேலை. தோள்பட்டை பிசகி ஷிஜியிடம் வந்தபோது, அவள் அறையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஆம்பியன்ட் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டவன். குழுவில் அவன் எழுதுவது இரண்டு வரிக்கு மேல் போகாது. கிருஷ்ணகுமார் எழுதுவதை மட்டும் விடாமல் வாசிப்பான். எல்லோருமே அப்படித்தான். கிருஷ்ணகுமாரின் குறிப்பு வந்த பிறகு இன்னொரு தடவை கேட்பது அங்கே வழக்கமாகவே ஆகியிருந்தது.

காது போன வாரம் அபிலாஷின் முறை. குளிர்நாட்டுக் குழு ஒன்றின் ஆல்பம் போட்டிருந்தான். கிருஷ்ணகுமார் வழக்கம்போல ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பாடுகிறவன் பாடினான். வலதுபக்கம் இருக்க வேண்டிய கிதார் வரவே இல்லை. ஜலதோஷம் பிடித்த நாக்கில் சாம்பார் வைத்த மாதிரி, சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. இரண்டாவது பாட்டோடு கழற்றி வைத்துவிட்டான். வருத்தமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. எழுந்துபோய்த் துணி மடித்தான்.

சனிக்கிழமை மதியம் அபிலாஷ், ‘உன் குறிப்புக்குத்தான் காத்திருக்கோம்’ என்று போட்டான். கிருஷ்ணகுமார் பாட்டுகளின் பெயர்களைப் பார்த்தான், ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம் என்று பார்த்தான், எட்டு வரி எழுதி அனுப்பினான். அரைமணி நேரத்தில் அபிலாஷ் பதில் போட்டான். நீ சொன்ன பிறகுதான் நாலாவது பாட்டு எனக்குப் புரிந்தது என்று.

இவ்வளவு லேசாக இருக்கும் என்று கிருஷ்ணகுமார் நினைக்கவில்லை. அடுத்த வாரம் ஹெட்போனையே எடுக்கவில்லை. இத்தனை வருஷம் கேட்டவனுக்கு ஊகிக்கத் தெரியாதா? பதினொரு நிமிஷப் பாட்டு என்றால் நடுவில் எல்லாம் அடங்கி மறுபடி எழும்பும். கடைசிக்கு முந்தின பாட்டு பெரும்பாலும் சின்னதாக, தனிக்குரலாக இருக்கும். அட்டையில் கடல் இருந்தால் உள்ளேயும் எங்காவது அலை இருக்கும். ஷிஜி போட்ட ஒரு தீவுக்காரர்களின் பாட்டுக்கு, பெண்களின் குரல் பின்னாலிருந்து வந்து ஆண்களின் குரலை மூடிவிடுகிறது என்று எழுதினான். அப்படியே இருந்ததாம். அவனுடைய முறை வந்தபோது பழைய பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டான். முன்பைவிட இப்போதுதான் நன்றாக எழுதுகிறீர்கள் என்று தோஹாவிலிருந்து சபீனா சொன்னாள். அவன் கைகூப்பும் படத்தை அனுப்பினான். ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் அவனுக்கு வரவில்லை. எந்த எண்ணமுமே வரவில்லை. பல் தேய்ப்பதுபோலச் சனிக்கிழமைதோறும் அதைச் செய்தான். பதினாலு வாரம் போயிற்று.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு யோசுவாவின் முறை. அவன் போட்ட ஆல்பத்துக்கு அட்டை இல்லை, பாடியவர் பெயர் இல்லை. நாலே பாட்டு. ‘காலை’, ‘தையல்’, ‘அடுப்பு’, ‘வாசல்’. மொத்தம் முப்பத்தோரு நிமிஷம். ‘இது வெளிய கிடைக்காது. முழுசாக் கேட்டுட்டு சொல்லுங்க’ என்று மட்டும் எழுதியிருந்தான்.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், கிருஷ்ணகுமார் அதை முடித்தான். மூன்றாவது பாட்டு ஆறு நிமிஷம், ரொம்ப நீளமும் இல்லை, ரொம்பச் சின்னதும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டான். ‘மூன்றாவதுதான் இதன் உயிர். அடியில் ஓயாமல் துடிக்கிற அந்த மேளம் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் சிதறிப்போயிருக்கும். விரலால் தட்டுகிற மேளம். தட்டுகிறவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டு தட்டுகிறார்’ என்று எழுதினான். எழுதி முடித்துத் தயிர்சாத டப்பாவைக் கழுவப் போனான்.

திரும்பி வந்தபோது யோசுவா கேட்டிருந்தான்: ‘அண்ணே, எத்தனாவது நிமிஷம்?’

‘நாலாவது நிமிஷத்துக்கு மேல கவனி’ என்று பதில் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனான்.

மறுநாள் பிற்பகல் ஷிஜி கூப்பிட்டாள். குழுவில் எழுதுவதோடு சரி, அவள் போன் செய்கிறவள் அல்ல. கிருஷ்ணகுமார் இடது காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான். எதில் கேட்டீர்கள், என்ன ஹெட்போன் என்று முதலில் கேட்டாள். அவன் ஏதோ சொன்னான்.

“குமார் சேட்டா, என்னோடதுல மூணாவதுல முதல்ல ஒரு வரி பேச்சு, பிறகு ஒரு ஃபான் சுத்துற சத்தம் மட்டும்தான் உள்ளது. வேற ஒண்ணும் இல்ல” என்றாள் ஷிஜி. “யோசுவா என்னை விளிச்சு கேக்கறான், குமார் அண்ணன் எந்த ஆப்ல கேட்டாருன்னு. அதான் கேட்டேன்.”

அவளே மேலே சொன்னாள். அது பாட்டே அல்ல. யோசுவாவின் மனைவி சுசீலாபாய், அவன் படகுக்குப் போயிருக்கும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய குரல் செய்திகள். வேலை செய்துகொண்டே ஞானப்பாட்டு முணுமுணுப்பாள், தையல் மிஷினை ஓட்டுவாள், அப்படியே அனுப்பிவிடுவாள். ஏப்ரலில் மூளையில் ரத்தம் கசிந்து இரண்டு நாளில் போய்விட்டாள். யோசுவா குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. ஷிஜியிடம் சொன்னதே நேற்றுத்தான். பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிட, போனை அடுப்படியில் வைத்துவிட்டு அவள் எழுந்து போய்விட்ட ஆறு நிமிஷம்தான் அந்த மூன்றாவது.

“நீங்க கேட்டது இதைத்தானா, சேட்டா?” என்று ஷிஜி கேட்டாள்.

நாளைக்கு அவனைப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான் கிருஷ்ணகுமார். கொஞ்ச நேரம் படிக்கட்டிலேயே நின்றான். இப்போது ஏதாவது வரவேண்டும், நெஞ்சு அடைக்க வேண்டும், கை நடுங்க வேண்டும் என்று காத்திருந்தான். கீழ்மாடியில் யாரோ சிரித்தார்கள். எந்தப் பக்கமிருந்து என்று அவனுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞத்துக்குப் பஸ் ஏறினான். ஸ்கூட்டர் ஓட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஹாரன் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாமல் ஒருமுறை லாரிக்குக் குறுக்கே போயிருந்தான். அதையும் வீட்டில் சொல்லவில்லை. முக்கோலையில் இறங்கி, வழி கேட்டு, யோசுவாவின் வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

யோசுவா இரவு வேலை முடித்து வந்து குளித்திருந்தான். நாற்பதுகூட ஆகாதவன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இத்தனை வருஷத்தில் இருவரும் நேரில் பார்த்தது நாலைந்து தடவை இருக்கும். முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, துணி போர்த்திய தையல் மிஷின், சுவரில் ஒரு பெண்ணின் படம். பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். கிருஷ்ணகுமார் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனே பேசினான்.

“அண்ணே, நீங்க எழுதினத வாசிச்ச அன்னைக்கு இருபது தடவ கேட்டிருப்பேன். ஒண்ணும் கேக்கல்ல. கம்பெனி எலக்ட்ரீஷியன்கிட்ட பெரிய ஹெட்போன் ஒண்ணு கடனா வாங்குனேன். சத்தத்தக் கூட்டிக் கூட்டி வச்சுப் பாத்தேன். நேத்து எனக்கும் கேட்டுது.”

“என்ன கேட்டுது?”

“நாலு நிமிஷத்துக்குப் பொறவு. டப் டப்புன்னு. அவ யோசிக்கும்போ விரல் வச்சு மேசையில தட்டுவா. நீங்க கரெக்டா எழுதிட்டியளே, எப்படித் தெரிஞ்சுதுன்னு நெனச்சேன்.” யோசுவா சாயாவை ஆற்றினான். “அவ வாசலுக்குப் போயிட்டான்னுதான் இத்தன நாளும் நெனச்சிட்டிருந்தேன். போகல்ல. அங்கதான் இருந்திருக்கா. என்னமோ சொல்ல வந்து, சொல்லாம இருந்திருக்கா. அது என்னவா இருக்கும்னுதான் நேத்து முழுக்க யோசன.”

கிருஷ்ணகுமார் தம்ளரைக் கீழே வைத்தான். பஸ்ஸில் வரும்போது வேறு மாதிரி சொல்ல நினைத்திருந்தான். காதில் தொடங்கி, டாக்டர், ஊசி என்று வரிசையாக. அந்த வரிசை இப்போது உதவாது என்று தெரிந்தது.

“யோசுவா, நான் அதக் கேக்கவே இல்ல.”

யோசுவா நிமிர்ந்து பார்த்தான்.

“உன்னோடத மட்டும் இல்ல. ஜூன்லேருந்து ஒண்ணும் கேக்கல. எனக்கு வலது காது போயிட்டு. பேரையும் நிமிஷத்தையும் பாத்து எழுதினேன். மேளம்னு நான் சும்மா எழுதினது.”

யோசுவா எழுந்து, இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். குழாய் திறக்கிற ஓசை கேட்டது. இரண்டு தம்ளர் கழுவ ஆகிற நேரத்தைவிட ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. கிருஷ்ணகுமார் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். மெல்லிய சங்கிலி போட்ட, நேராகக் கேமராவைப் பார்க்கிற பெண். இவளைப் பற்றித்தான் எழுதினோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அது ஒரு தகவலாக உள்ளே போய் உட்கார்ந்தது.

யோசுவா கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“அப்பம் நேத்து நான் கேட்டது என்ன?”

“ஹெட்போன இறுக்கி வச்சா நம்ம நாடி அடிக்கிறது கேக்கும். அதுவா இருக்கலாம். எனக்கு நிச்சயமாத் தெரியாது.”

“எனக்க நாடியா?” என்றான் யோசுவா. கொஞ்சம் கழித்து, “உங்களுக்கு எந்தக் காது நல்லா கேக்கும்?” என்றான்.

நாற்காலியைத் தூக்கி கிருஷ்ணகுமாரின் இடதுபக்கம் போட்டு உட்கார்ந்தான். போனை எடுத்து மூன்றாவதைத் தட்டி, அவன் காதோரம் பிடித்தான். முதலில் ஒரு பெண்குரல், “இரி, யாரோ விளிக்குது” என்றது. பிறகு மின்விசிறி. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். காக்கை. மின்விசிறிக்குள் ஏதோ ஒரு இறக்கை லேசாகத் தட்டுப்பட்டு ஓடியது, ஆனால் அது முதலிலிருந்தே இருந்தது. மேளம் என்று சொல்ல முடியாது. நாலாவது நிமிஷம் வந்தது, போனது. ஐந்தாவதும் போனது. யோசுவாவின் கை அசையவே இல்லை. கடைசியில் செருப்புச் சத்தம் கிட்டே வந்தது, அத்தோடு பதிவு நின்றது.

கிருஷ்ணகுமார் மூன்றரை மாதத்தில் முழுசாகக் கேட்டது அது ஒன்றுதான்.

“மேளம் இல்ல” என்றான்.

“இல்ல” என்றான் யோசுவா. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “அண்ணே, சாரமில்ல, பரவாயில்லன்னு எனக்குச் சொல்ல முடியாது. சொன்னா அது கள்ளம். நீங்க போயிட்டு வாங்க. பதினொண்ணரைக்கு ஒரு பஸ் உண்டு.”

வாசல்வரை வந்தான். கேட்டைத் திறந்துவிட்டான். கிருஷ்ணகுமார் மன்னிப்புக் கேட்டான். அதற்கு யோசுவா தலையைக்கூட ஆட்டவில்லை, இரவு வேலை பார்த்த ஆள் வெயிலைப் பார்ப்பதுபோல ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பஸ்ஸிலேயே குழுவுக்கு எழுதினான். வலது காது போனது, அதன் பிறகு எழுதிய குறிப்புகள் எல்லாம் கேட்காமல் எழுதியவை, யோசுவாவின் ஆல்பத்துக்கு எழுதியதும் பொய், இவ்வளவுதான். நாலு வரி. அபிலாஷ் உடனே கூப்பிட்டான். இவன் எடுக்கவில்லை. பிறகு அபிலாஷ் குரல் செய்தி அனுப்பினான். இருபத்தைந்து வருஷப் பழக்கம், காது போனதைக்கூட என்னிடம் சொல்லவில்லை, நீ எழுதினதைப் படித்துவிட்டு அந்த நாலாவது பாட்டை நான் என் மாணவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன் என்று திட்டினான்; திட்டி முடிக்காமல் நிறுத்திவிட்டான். என்னுடையதையும் கேட்கவில்லையா என்று சபீனா கேட்டாள். இல்லை என்று பதில் போட்டான். ஷிஜி மாத்திரம், போனில் மோனோ என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் இரண்டு பக்கத்து ஓசையும் ஒரே காதில் வரும் என்று எழுதி, எங்கே அழுத்த வேண்டும் என்று படமும் எடுத்து அனுப்பியிருந்தாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வப்னாவிடம் சொன்னான். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் கேட்டாள். எந்த டாக்டர் என்று கேட்டாள். ஃபைல் எங்கே என்று கேட்டாள். அவன் அலமாரியில் பழைய கேபிள் டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். நின்றுகொண்டே ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள்.

“அவங்க எல்லார்கிட்டயும் சொன்ன பொறவுதான் எனக்கா” என்றாள். பிறகு வேறு குரலில், “ராத்திரி நான் வலதுபக்கம்தான படுக்கேன். எத்தன நாள் பேசிருப்பேன். நீங்க கேட்டும் கேக்காத மாதிரி கெடக்கீங்கன்னு நெனச்சேன். என்ன வெறுத்துப் போச்சோன்னு நெனச்சேன். எனக்குத் தெரியாண்டாமா?” என்றாள்.

அவன் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. என்ன பேசினாய் என்று கேட்டான். இனி அது எதுக்கு என்று சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்து, மகள் மீனுவை டியூஷனிலிருந்து கூட்டிவரக் கிளம்பினாள். அன்று இரவு அவள் பாயை எடுத்து மீனுவின் அறையில் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு நாள் கழித்து, ஒன்றும் சொல்லாமல், திரும்பி வந்து கட்டிலின் இடதுபக்கம் படுத்தாள்.

குழு கலையவில்லை. ஞாயிறுதோறும் ஆல்பம் வந்தது. கிருஷ்ணகுமார் மோனோ போட்டு எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டான். கேட்டேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதினான். வாரம் தவறாமல் அதையே எழுதினான். முதலில் யாரும் பதில் போடவில்லை. பிறகு அபிலாஷ் ஒரு தடவை, ‘இதுவாவது நிஜம்’ என்று போட்டான். யோசுவா குழுவை விட்டுப் போகவும் இல்லை, எழுதவும் இல்லை.

நவம்பர் நடுவில் மறுபடி யோசுவாவின் முறை வந்தது. போடமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காலை எட்டு மணிக்குப் போட்டான். எங்கேயோ மலைநாட்டில் இரண்டு பேர் குழலும் ஒற்றைத் தந்தி வாத்தியமும் வாசித்த ஆல்பம், எட்டுப் பாட்டு. கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

கிருஷ்ணகுமார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டான். ஸ்வப்னா எதிரே பயறு நறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் நாலு பாட்டும் வந்தன, போயின. குழல் குழலாக இருந்தது, தந்தி தந்தியாக இருந்தது. ஐந்தாவது முடிகிற இடத்தில் வாசிக்கிறவன் மூச்சு வாங்கிவிட்டு ஒரு கணம் நிறுத்தினான். அடுத்து என்ன வாசிக்கப்போகிறான் என்று கிருஷ்ணகுமாருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆறாவது தொடங்கியதும் அது போய்விட்டது. மிச்சத்தையும் கேட்டு முடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி இரண்டு வரியில் எழுதினான்.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. யோசுவா பார்த்துவிட்டான். பதில் இல்லை.

பயற்றில் தேங்காய் போடட்டுமா என்று ஸ்வப்னா கேட்டாள். போடு என்றான்.